நீல எழுத்தைத் தொடர்ச்சி என்று வாசித்த நாள்

என் பிள்ளைகளே, நான் போனில் செய்தி வாசிக்கும்போது பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொள்வதைப் பார்த்து நீங்கள் இருவரும் சிரிக்கிறீர்கள். போன கிழமை சின்னவள் அதை அப்படியே நடித்துக் காட்டி உங்கள் உம்மாவையும் சிரிக்க வைத்தாள். சிரியுங்கள், எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஏன் அப்படிச் செய்கிறேன் என்று மூத்தவளுக்குப் பாதிதான் தெரியும். சின்னவளுக்கு ஒன்றுமே தெரியாது. எனக்கும் முழுதாக விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். விளங்காததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவன், சைக்கிள் திருத்துகிறவன். எழுத்தில் பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

என் கடைக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடை உங்களுக்குத் தெரியும். அஸர் தொழுதுவிட்டு வருகிறவர்கள் நேராக அங்கேதான் போவார்கள். கரைவலை இழுத்துவிட்டு உப்புக் காய்ந்த காலோடு வருகிறவர்களும் இருப்பார்கள், வயல் வட்டையில் வேளாண்மையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். கடைக்காரக் காக்கா ஒரே ஒரு பத்திரிகை வாங்குவார். காலையிலிருந்து அது கை மாறி, தேத்தண்ணி வட்டம் பட்டு, சினிமாப் பக்கம் காணாமல் போய், அஸருக்குப் பிறகு என்னிடம் வரும். நான் சத்தமாக வாசிப்பேன். எனக்கு முன்பு வாசித்தவருக்குக் கண் மங்கியதும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. யாரும் நியமிக்கவில்லை. ஒரு நாள் கையில் தந்தார்கள், மறுநாளும் தந்தார்கள், அப்படியே ஆகிவிட்டது.

வாசிப்புக்கு ஒரு முறை இருந்தது. தலைப்பை இரண்டு தரம் வாசிப்பேன், காது மந்தமானவர்களுக்காக. பிறகு செய்தி. முதல் பக்கத்தில் செய்தி பாதியில் நின்றுவிடும், அடியில் சின்ன எழுத்தில் ‘தொடர்ச்சி ஏழாம் பக்கம்’ என்று இருக்கும். அதைக் குரலை உயர்த்திச் சொல்வேன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் எப்போதும் மூலை வாங்கில் உட்கார்ந்திருப்பார். அவர் உடனே, “பஸ் நிக்கிது, எறங்கிற ஆக்கள் எறங்குங்க” என்பார். நான் தாளைப் புரட்டி ஏழாம் பக்கத்தைத் தேடி எடுப்பதற்குள் ஒருவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வருவார், இன்னொருவர் பிளேன்டி ஊற்றச் சொல்வார். ஏழாம் பக்கத்தில் அதே செய்தியின் மீதி இருக்கும். அதே ஆட்கள், அதே ஊர், அதே நாள். மீதி வேறொன்றாக இருக்குமோ என்று எங்களில் ஒருவருக்கும் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

கடைக்குப் பின்னால் ஒரு தகரவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டின் அடுப்படி. அந்த வீட்டுக்காரர் ஆழ்கடல் படகில் போகிறவர். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார், அதனால் அவருடைய மனைவி எனக்கு மச்சி. மச்சி கடைப்பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் என் வாசிப்பு முழுவதையும் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பார். நான் இடையில் நிறுத்தினால் தகரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

“மச்சான், அந்தக் குளத்துச் செய்தி முடிஞ்சிதா, இன்னும் இரிக்கா?”

“முடிஞ்சி மச்சி.”

“முடிஞ்சா முடிஞ்செண்டு சொல்லணுமே. நான் துருவலையில கைய வெச்சிட்டு நிக்கன்.”

பிறகு சாமான்களின் விலை ஏறிய காலத்தில் பத்திரிகையின் விலையும் ஏறி, பக்கங்கள் மெலிந்து, ஒருநாள் காக்கா வாங்குவதையே நிறுத்திவிட்டார். “ஆளுக்கொரு போன் வெச்சிரிக்கிங்க, அதுல பாருங்களேன்” என்றார். அதற்குப் பிறகுதான் மூத்தவள் என் போனில் ஊர்க் குரூப்பைச் சேர்த்துத் தந்தாள். அதில் செய்திகள் வந்து விழும். தொட்டால் திறக்கும். நான் போனைக் கண்ணுக்கு எதிரே பிடித்து, பத்திரிகை வாசிப்பது போலவே வாசிக்கத் தொடங்கினேன்.

முதலில் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அன்றைய செய்தி அன்றே வந்தது. ஆனால் ஏதோ ஒன்று பிசகியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் காக்காவும் கண்டக்டரும் சிறுபோகத் தண்ணீரைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். இருவரும் ஒரே குரூப்பில் வந்த ஒரே செய்தியைத்தான் திறந்திருந்தார்கள். குளத்தைத் திறக்கப் போகிறார்கள் என்றார் காக்கா. வான்கதவு உடைந்துகிடக்கிறது, தண்ணீர் வராது என்றார் கண்டக்டர். நான் இருவருடைய போனையும் வாங்கிப் பார்த்தேன். கண்டக்டர் நடுவிலிருந்த நீல எழுத்தைத் தொட்டு, எங்கேயோ இருக்கிற வேறொரு குளத்துக்குப் போயிருந்தார். காக்கா பாதியில் வந்த எண்ணெய் விளம்பரத்தைச் செய்தியின் முடிவு என்று நினைத்து நிறுத்தியிருந்தார்.

“தலமயிர் எண்ணெயோட செய்தி முடிஞ்செண்டு எனக்கென்ன தெரியும்?” என்றார் காக்கா.

“ஒங்கட தலைக்கி அது தேவையுமில்லயே” என்றார் கண்டக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அது மனதில் கிடந்தது. பத்திரிகைக் காலத்தில் இப்படி ஒரு தர்க்கம் வந்தால் வரியில் விரலை வைத்து, இந்தா, இங்கே பார் என்று காட்டுவோம். விரல் வைத்த இடத்தில் எழுத்து அப்படியே இருக்கும். போனில் விரலை வைத்தால் செய்தியே போய்விடுகிறது. காட்டுவதற்கென்று வைத்த விரல் வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. பிறகு யார் சொன்னது சரி என்று எதை வைத்துப் பேசுவது?

அந்த நாட்களில்தான் மச்சான் போன படகு திரும்பி வரவில்லை. நாலு பேர் போனார்கள். வரவேண்டிய நாள் கடந்துவிட்டது. காற்றும் அப்படி ஒன்றும் இல்லை. முதலில் எல்லோரும், மீன் பட்டிருக்கும், அதுதான் சுணக்கம் என்றார்கள். பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். படகு முதலாளி துறைமுகத்துக்கும் கச்சேரி அலுவலகத்துக்கும் அலைந்தார். தகரவேலிக்குப் பின்னால் தேங்காய் துருவும் சத்தம் கேட்கவில்லை. ஆனால் அஸருக்குப் பிறகு நான் வாங்கில் இருந்ததும், வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார ஒரு கதிரை இழுபடும் சத்தம் கேட்கும். மச்சி வந்து இருக்கிறார் என்று அர்த்தம். ஒன்றும் கேட்கமாட்டார். நான் பெற்றோல் விலையை வாசித்தாலும் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு வேண்டிய செய்தி ஒன்றே ஒன்றுதான். அது என்னிடம் இல்லை.

ஒரு நாள் குரூப்பில் அந்தச் செய்தி வந்தது. ஊர்ச் செய்தி போடுகிற யாரோ எழுதியது. கடை முழுக்க ஆட்கள். நான் தலைப்பை இரண்டு தரம் வாசித்தேன். கல்முனைக்குடியிலிருந்து கடலுக்குச் சென்ற நான்கு மீனவர்கள் இதுவரை கரை திரும்பவில்லை. படகின் உரிமையாளர் கடற்படைக்கு அறிவித்துள்ளார். தேடுதல் நடைபெறுகிறது. அவ்வளவுதான். அதற்கு அடியில் நீல எழுத்தில் ஒரு வரி நின்றது: காணாமல் போன கல்முனை மீனவர்கள்.

பத்திரிகையில் தொடர்ச்சி நிற்கிற இடம் அதுதான், பிள்ளைகளே. பத்தியின் அடி. கண் பழகிய இடம். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. “தொடர்ச்சி” என்று குரலை உயர்த்திச் சொல்லிவிட்டு அதைத் தொட்டேன்.

“பஸ் நிக்கிது” என்றார் கண்டக்டர், ஆனால் மெதுவாக. அன்றைக்கு ஒருவரும் இறங்கவில்லை. போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்குப் பின்னால் கதிரை ஒருதரம் முனகியது.

பிறகு திறந்தது. பெரிய எழுத்து. நான் வாசித்தேன். “காணாமல் போன கல்முனை மீனவர்கள் உயிருடன் மீட்பு. இயந்திரக் கோளாறினால் நடுக்கடலில் தத்தளித்த நான்கு மீனவர்களின் படகு கண்டுபிடிக்கப்பட்டுள்ளதாக...”

அதற்கு மேல் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அல்லாஹு அக்பர் என்று முதலில் கத்தியது காக்காவா வேறு யாருமா தெரியாது. ஒருவர் மேசையில் அடித்தார், கிளாஸ் ஒன்று விழுந்து உடைந்தது. தகரவேலியில் இரண்டு கையாலும் தட்டுகிற சத்தம்.

“மச்சான்! மச்சான்! என்ன சொன்னீங்க? மறுகாச் சொல்லுங்க!”

“ஹயாத்தோட இரிக்காங்க மச்சி! படகு கிடைச்சிட்டாம்!”

அந்த வீட்டிலிருந்து வந்த அழுகையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்த வாசலில் நின்றார்கள். மச்சி சீனிப் போத்தலைத் திறந்து பிள்ளைகளின் உள்ளங்கைகளில் அள்ளி வைத்துக்கொண்டிருந்தார். நேர்ச்சை வைத்திருந்தாராம். சின்னவளே, நீயும் வாங்கி நக்கிக்கொண்டு வந்தாய். உனக்கு ஞாபகம் இருக்கலாம்.

நான் வீட்டுக்கு வந்து மூத்தவளிடம் சொன்னேன். அவளும் சந்தோசப்பட்டாள். போனைத் தாங்க வாப்பா, என் கூட்டாளிகளுக்கு அனுப்பப் போகிறேன் என்றாள். வாங்கிப் பார்த்தவள் முகம் மாறியது.

“வாப்பா, இது பழசு.”

“என்ன பழசு? இப்பதானே வந்த.”

“நீங்க தொட்ட இடம்தான் புதுசு. போய்ச் சேர்ந்த இடம் பழசு. இஞ்ச பாருங்க.” தலைப்புக்கு மேலே சாம்பல் நிறத்தில் கடுகு போல ஒரு திகதி இருந்தது. நீ பிறந்த காலத்துத் திகதி என்று சொல்ல முடியாது, சின்னவளே, ஆனால் நீ நடக்கத் தொடங்கியிருக்கும் காலம்.

“அப்ப இது எப்படி அந்தச் செய்தியோட ஒட்டிக்கிட்டு வந்த?”

“ஒட்டல்ல வாப்பா. இதையும் பாருங்க எண்டு கீழ போடுறாங்க.”

“என்னத்துக்கு?”

அவள் திரையைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனாள். ஒரு விளம்பரம் வந்தது, அதற்குக் கீழே இன்னும் செய்தி இருந்தது. கடையில் நான் அதுவரை போகவே இல்லை. அங்கே எழுதியிருந்தது: எனினும் நால்வரில் ஒருவர் மீட்கப்படுவதற்கு முன்னரே தண்ணீரின்றி உயிரிழந்ததாகவும், அவரது உடலைக் கடலிலேயே விட நேர்ந்ததாகவும் ஏனைய மூவரும் தெரிவித்தனர். பத்திரிகையாக இருந்தால் அந்த வரி என் கண்ணில் பட்டிருக்கும். முழுப் பத்தியும் கண்ணுக்கு எதிரே கிடக்கும், வாய் தலைப்பில் இருக்கும்போதே கண் அடிவரை போய்விடும். இதில் அடி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் நான் வாசித்திருக்கிறேன்.

மூத்தவளே, அப்போது நீ என்னைப் பார்த்துக் கேட்டாய், “இப்ப என்ன வாப்பா செய்யப் போறீங்க?” என்று. நான் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு எழும்பினேன். நீயும் வந்தாய். நீ வராவிட்டால் நான் வாசல் வரை போயிருப்பேனோ தெரியாது.

மச்சி எங்களைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். “தேத்தண்ணி ஊத்தவா? இண்டைக்கு வேணாமெண்டு சொல்ல ஏலா” என்றார். நான் நின்றபடியே சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. மச்சி கேத்தலைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றார்.

“அப்ப அது எங்கட படகு இல்லயா?”

“இல்ல மச்சி. அது வேற படகு. வேற வருசம்.”

“வேற வருசத்துச் செய்திய எப்பிடி மச்சான் இண்டைக்கி வாசிச்சீங்க?”

நீல எழுத்து, லிங்க், அடியில் போடுகிறார்கள் என்று மூத்தவள் ஏதோ சொல்லப் பார்த்தாள். மச்சி அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“நீங்க தொடர்ச்சி எண்டு சொன்னீங்க. நான் கேட்டன்.”

“ஓம் மச்சி.”

“அந்தப் படகுக்காரங்க ஊட்டுக்கு வந்தாங்களா?”

நான் மூத்தவளைப் பார்த்தேன். பொய் சொல்வதற்கு வாய் வரவில்லை. “மூணு பேரு வந்தாங்க” என்றேன்.

மச்சி கேத்தலை அடுப்புக் கல்லில் வைத்தார். பிறகு கதிரையைக் காட்டி, “இரிங்க” என்றார். “எங்கட படகுச் செய்தி இரிக்கில்லயா, அத மட்டும் வாசிங்க. வேற ஒண்டயும் தொடாதீங்க.”

நான் வாசித்தேன். கரை திரும்பவில்லை. அறிவித்துள்ளார். தேடுதல் நடைபெறுகிறது.

“முடிஞ்சிதா?”

“முடிஞ்சி மச்சி.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“மறுகா வாசிங்க.”

மறுபடியும் வாசித்தேன். அதற்குப் பிறகும் ஒருதரம். பெருவிரலை அப்போதுதான் முதன்முதலாக மடக்கிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அந்தச் செய்தியில் சந்தோசமாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தரமும் அது அதே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் முடிந்தது. மச்சி அதைக் கேட்டுக் கேட்டு ஏதோ பிடித்துக்கொள்கிற மாதிரி இருந்தார்.

கடையில் நான் நடந்ததைச் சொன்னேன். கண்டக்டர், “இனி இவருக்குப் பழைய டிக்கட் வித்தவரெண்டு பேரு” என்றார். சிலர் நம்பினார்கள். சிலர் நம்பவில்லை. உயிரோடு இருக்கிறார்கள் என்று காதால் கேட்டதை, இல்லை என்று ஒருவன் வந்து சொன்னால் யாருக்கு ஏற்க மனம் வரும்? அந்தக் குழப்பம் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் நான் ஒரு சைக்கிளின் ரிம் வளைவு எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. பாலமுனையிலுள்ள என் சகலன், உங்கள் சாச்சியின் மாப்பிள்ளை, ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அல்ஹம்துலில்லாஹ், கல்முனைக்குடிப் படகு கிடைத்துவிட்டது, நால்வரும் நலம், எல்லோருக்கும் பகிரவும்.

ரிம்மைக் கீழே போட்டேன். அல்லாஹ், உண்மையாகவே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கையைக் கூடத் துடைக்காமல் தெருவைக் கடந்து பாதிவழி போய்விட்டேன். பிறகுதான் நின்று அவருக்குப் போனில் கோல் எடுத்தேன்.

“மச்சான், இது ஒங்களுக்கு எங்கேந்து வந்த?”

“ஒலுவில்லேந்து ஒத்தர் போட்டாரு.”

“அவருக்கு ஆரு சொன்ன?”

“அவருக்கு உங்கட ஊருலேந்துதான். அங்க தேத்தண்ணிக் கடையில பேப்பர் வாசிக்கிற ஒத்தர் இரிக்காராமே, அவரு வாசிச்சாராம். நல்ல நம்பிக்கையான ஆளாம்.”

அந்த ஆள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் நடுத்தெருவில் நின்றேன். ஒரு ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்து, “என்ன காக்கா, ரோட்டை வாங்கிட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டு போனான். நான் தவறாக வாசித்தது பாலமுனை வரை போய்ப் புதுச்செய்தியாகி என்னிடமே வந்திருக்கிறது, நானே அதை நம்பி ஓடியிருக்கிறேன். பிறகும் எனக்குள் ஒரு மூலையில், ஒருவேளை இது வேறு வழியால் வந்த உண்மையாக இருந்தால் என்று ஒரு நினைப்பு போகவே இல்லை. அந்த நினைப்பை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பிவந்து ரிம்மை எடுத்தேன். எந்தக் கம்பியை இறுக்கினேன், எதைத் தளர்த்தினேன் என்று விளங்கவில்லை. அந்தச் சைக்கிள் அன்று முழுக்க நேராகவில்லை.

அந்தச் செய்தி மச்சிக்கும் போயிருந்தது. அவருடைய மூத்த ராத்தா வந்து காட்டியிருக்கிறார். மச்சி அதைக் கையில் வாங்கவே இல்லையாம்.

உண்மையான செய்தி வந்தபோது ஒருவரும் துள்ளவில்லை. அது அஸர் நேரம். படகு முதலாளி மோட்டார் சைக்கிளின் என்ஜினை அணைக்காமலே இறங்கி ஓடிவந்தார். திருகோணமலைப் பக்கத்துப் படகொன்று எங்கள் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிட்டதாம். நாலு பேரும் இருக்கிறார்களாம். அவர் சொல்லி முடித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஏதோ நான்தான் இதற்கும் பொறுப்பு என்பது போல. எனக்கும் நம்ப முடியவில்லை.

தகரத்துக்குப் பின்னாலிருந்து மச்சியின் குரல் வந்தது. “இது எந்த வருசத்துப் படகு?”

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்ன புள்ள கேக்கிறாய்? எங்கட படகு!”

“ஆரு வாசிச்ச?”

“ஒருத்தரும் வாசிக்கல்ல. டெலிபோன்ல சொன்னாங்க.”

“எனக்கு ஒரு ஆளும் சொல்ல வேணாம். அவர்ட குரலக் கேக்கணும்.”

பிள்ளைகளே, அந்த நேரம் நான் வாங்கில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். ஒரு பெண்ணுக்குத் தன் மாப்பிள்ளை உயிரோடு வந்துவிட்டார் என்ற செய்தி வருகிறது, அவருக்குச் சந்தோசப்படப் பயம். சீனி கொடுக்கப் பயம். நான் முன்பே ஒருதரம் அந்தச் சந்தோசத்தை வேறொருவருடைய செய்தியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். முதலாளி எங்கெல்லாமோ கோல் எடுத்தார். வெட்டுப்பட்டது. மறுபடி எடுத்தார். கடைசியில் போனை ஸ்பீக்கரில் போட்டு வேலியின் மேலால் நீட்டினார். இரைச்சல், யாரோ சிங்களத்தில் பேசும் சத்தம், இருமல். பிறகு மச்சானின் குரல், கரகரவென்று.

“ஹலோ? ஆரு? என்ன கா, ஏன் ஒண்டும் கதைக்காம நிக்கிறாய்? ஆரும் மௌத்தாப் போயிட்டாங்களா?”

வேலிக்குப் பின்னால் கதிரை சரிந்து விழுந்தது. மச்சி அழுதுகொண்டே அவரை ஏசினார். என்ன ஏசினார் என்பதை எழுத மாட்டேன். காக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

மச்சான் ஊருக்கு வந்து சில நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். பிறகு ஒருநாள் அஸருக்குப் பின் கடைக்கு வந்தார். முகம் கறுத்து, மூக்கிலும் தோளிலும் தோல் உரிந்திருந்தது. வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, “எங்களப் பத்திப் போட்டிரிக்காமே, வாசிங்க மச்சான்” என்றார். நான் பெருவிரலை மடக்கிக்கொண்டு வாசித்தேன். மீனவர்கள் நால்வரும் நலமாக இருப்பதாகத் தெரிவிக்கப்படுகிறது என்று வந்ததும், “என்ட முதுகுத் தோலக் கேட்டாங்களாமா?” என்றார். கடை சிரித்தது. நான் முடிவுவரை போனேன். முடிந்ததும், மச்சிக்குக் கேட்கும்படி, முடிந்தது என்றும் சொன்னேன்.

மச்சான் என் போனை எட்டிப் பார்த்தார். “இன்னும் கீழ இரிக்கே. இந்த நீலத்துல என்ன?”

அதே வரிதான். காணாமல் போன கல்முனை மீனவர்கள். இப்போது மச்சானின் செய்திக்கு அடியிலும் வந்து நிற்கிறது. யார் வைத்தது, ஏன் வைத்தது, தெரியவில்லை. இனி இந்தச் செய்தியை வெளிநாட்டில் இருந்து யாராவது திறந்தால், அதையும் தொட்டு, இந்தப் படகில்தான் ஒருவர் மௌத்தாகிவிட்டார் என்று நினைக்கமாட்டார்களா? அல்லது அது என் போன்ற ஆட்களுக்கு மட்டும் வருகிற குழப்பமா? மூத்தவளே, நீ படிக்கிறவள், நீயே சொல்.

“அது வேறாக்கள்ற செய்தி மச்சான்” என்றேன்.

“வாசிங்களேன், கேப்பம்.”

“வேணாம்” என்றார் மச்சி வேலிக்குப் பின்னாலிருந்து. “அதோட நிப்பாட்டுங்க.”

நான் நிறுத்தினேன். பேச்சு வேறு பக்கம் போனது. ஆனால் அன்றிரவும் அந்த வரி என்னோடேயே இருந்தது. அந்தச் செய்தியை நான் ஒரு கடை நிறைந்த ஆட்களுக்கு நடுவே வாசித்தேன். அந்தப் பழைய படகில் மௌத்தான நாலாவது ஆளின் செய்திக்கு நாங்கள் தக்பீர் சொன்னோம், மேசையில் அடித்தோம், பிள்ளைகள் சீனி தின்றார்கள். அவருடைய முடிவு அந்தக் கடையில் வாசிக்கப்படவே இல்லை. அவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அங்கேயும் ஒருவர், தலைப்பை மட்டும் கேட்டுவிட்டு, சில நிமிடமாவது சந்தோசமாக இருந்திருப்பாரா? இதையெல்லாம் நினைக்க எனக்கு என்ன உரிமை என்றும் தெரியவில்லை. அவர் யாரென்று எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை கடையைத் திறக்கப் போனவன், கதவைப் பாதி மட்டும் திறந்து உள்ளே ஸ்டூலில் இருந்தேன். தெருவில் ஆட்கள் இன்னும் வரவில்லை. போனை எடுத்து, மடக்கிய பெருவிரலை நீட்டி, அந்த நீல வரியைத் தொட்டேன். திறந்தது. தலைப்பை இரண்டு தரம், வெளியே கேட்கும் அளவுக்கு வாசித்தேன். திகதியை வாசித்தேன். விளம்பரத்தைத் தாண்டிக் கீழே போய், ஒரு வரியும் விடாமல் கடைசிவரை வாசித்தேன். அங்கே அவருடைய பெயரும் அவருடைய வாப்பாவின் பெயரும் இருந்தன. முடிந்தது என்று சொன்னேன். பல வருடம் கழித்துக் கேட்ட மௌத்துக்கு இன்னாலில்லாஹி சொல்வது முறையா என்று தெரியாது. சொன்னேன். பிறகு கையைக் கழுவி வுழூச் செய்துவிட்டு வந்து, அவருக்காக ஒரு பாத்திஹா ஓதினேன்.